சீகை போன சரிவில் புல் பிடித்த விதம்

ஊட்டிக்குப் பக்கத்தில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் எங்கள் சரிவு. இங்கே சீகை என்று சொல்லப்படும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய வாட்டில் மரங்களை வேரோடு பிடுங்கிய ஜேசிபி மேல்மண்ணையும் கிளறிப் போட்டுவிட்டது. மழை பெய்யும்போதெல்லாம் மண் கரைந்து ஓடையில் இறங்கியது. சீக்கிரம் பச்சையாகிவிடும் என்று கிக்குயு புல்லைப் பலரும் சொன்னார்கள். அது ஆப்பிரிக்கப் புல். படர்ந்துவிட்டால் இந்த மலையின் சொந்தப் புற்களுக்கு இடமே இருக்காது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்தனை சாய்வில் விதை மட்டும் தூவினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சாலை அகலப்படுத்த வெட்டிய ஓரத்தில் கிடந்த கிரைசோபோகன், யூலாலியா என்ற சொந்தப் புற்களின் தூர்களை அனுமதி வாங்கி எடுத்துவந்தோம். வேர் அறாமல் கையால் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, ஜூன் மழை பிடித்ததும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டோம். இடையில் காய்ந்த சீகைச் சுள்ளிகளைப் பரப்பியதில் வண்டல் அங்கேயே தேங்கியது. பருவம்தான் இதில் எல்லாமே: அக்டோபரில் நட்டால் வேர் ஊன்றுவதற்குள் டிசம்பர் உறைபனி கருக்கிவிடும்.

தூர்கள் பிடித்துவிட்டன, ஓடைத் தண்ணீரும் தெளிந்திருக்கிறது. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறோம்.