அமெரிக்க விமான டிக்கெட்டில் பெயரை எப்படிக் கொடுப்பது?

அமெரிக்கா போகும் விமானத்தில் டிக்கெட் போட்டால், உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் விமான நிறுவனம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவுக்கு அனுப்பியாக வேண்டும். 'செக்யூர் ஃப்ளைட்' என்ற இந்த ஏற்பாட்டில் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுவது அரசு. அதன் பதிலைப் பார்த்து போர்டிங் பாஸைக் கொடுப்பதோ நிறுத்துவதோ நிறுவனம். விவரங்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பே போகும். எழுத்துப்பிழை இருந்தால் அதற்குள் திருத்திவிடுங்கள்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது சர்நேமில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக, கிவன் நேமில் 'முருகன்' மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முருகன் சர்நேமாகிவிடும். கிவன் நேமில் 'எஃப்என்யூ' (FNU, முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழும். டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். கட்டம் காலியாக இருக்கிறதே என்று அப்பா பெயரைப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் கவுன்டரில் வம்பு. சில நிறுவனங்கள் எஃப்என்யூ கேட்கும், சில அதே பெயரை இருமுறை போடச் சொல்லும். பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். இணைப்பு விமானத்துக்குத் தனி டிக்கெட் என்றால் அந்த நிறுவனத்திடமும் கேளுங்கள்.

போர்டிங் பாஸில் 'எஸ்எஸ்எஸ்எஸ்' இருந்தால் கூடுதல் சோதனை உண்டு. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஒருமுறை வந்தால் கவலை வேண்டாம். பெயர் ஒற்றுமையால் ஒவ்வொரு பயணத்திலும் வந்தால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிஎச்எஸ் ட்ரிப்' என்ற குறைதீர்ப்புத் தளத்தில் விண்ணப்பித்து, ரெட்ரெஸ் எண் என்ற குறைதீர்ப்பு எண்ணை வாங்கி, டிக்கெட் போடும்போதே அதையும் சேருங்கள்.