கவ்வாத்து மிலாறில் ஒரு மரப்பாலம்: குறுகிய பாதை மாதிரி ரயிலுக்கு

நானுஓயாவில் பிரிந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சின்னக் கோச்சிப் பாதையின் அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. அது 1940களில் நின்றுபோனது. அந்த அகலத்தை மேசையில் கொண்டுவர எளிய வழி 1:48 அளவும் 16.5 மி.மீ. தண்டவாளமும்தான். 16.5ஐ 48ஆல் பெருக்கினால் 792 வரும். மிஞ்சுகிற 30 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. எச்ஓ (HO, 1:87 அளவு) மாதிரிகளுக்கு விற்கிற சக்கரங்களும் தண்டவாளமும் அப்படியே பொருந்தும்.

மரக்கால்களில் உயர்ந்து நிற்கும் ரயில் பாலம் அமெரிக்க மலைப்பாதைகளின் வழக்கம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு எழுந்தது. அதனால் இங்கே சொல்லும் பாலத்தைக் கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் ஒரு கற்பனைத் தோட்டப் பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடையைத் தாண்டுகிற நீளம் 400 மி.மீ., ஆழமான இடத்தில் ஓடைத் தரையிலிருந்து தண்டவாள மேல்முகம் வரை 120 மி.மீ. நிஜத்தில் இது ஏறக்குறைய 19 மீற்றர் நீளம், 6 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். இதற்கு ஓரடுக்குக் கால்கள் போதும்.

பாலம் கரடுமுரடாகத் தெரியவேண்டும் என்பதற்காக அளவையும் கரடுமுரடாக விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தோட்டத் தச்சர் கோடரியால் செதுக்கிய மரத்தில்கூட, கால்களின் தலைமேல் குறுக்கே படுக்கும் தலைக்கட்டை மட்டத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அது சாய்ந்தால் வண்டி கவிழும். மேற்பரப்பு எவ்வளவு முரடாக இருந்தாலும் பாரம் இறங்குகிற புள்ளிகள் மட்டும் துல்லியமாக இருக்கவேண்டும்.

மரம்

கால்களுக்குத் தேயிலை மிலாறைவிட, அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் கிளைக்குச்சியைவிட, நல்ல பொருள் கடையில் கிடைக்காது. கவ்வாத்து வெட்டிய மலையில் 5.5 முதல் 6.5 மி.மீ. தடிப்பில், 100 மி.மீ.க்குக் கணு இல்லாமல் நேராக ஓடுகிற துண்டுகளைப் பொறுக்குங்கள். 6 மி.மீ. என்பது நிஜத்தில் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பம். தேவை 16, வளைவதையும் வெடிப்பதையும் கணக்கில் வைத்து 25 எடுங்கள்.

பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்துவிடவேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் கத்தி நாரைக் கிழிக்கும். உரிக்காமல் ஒட்டினாலோ, சில மாதங்களில் பட்டை கழன்று, ஒட்டிய சட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். உரித்த குச்சிகளைப் பத்து நிமிடம் கொதிநீரில் வேகவையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சி சாகும், சாறும் இறங்கும். பிறகு நேரான இரும்புக் கம்பியைச் சுற்றி அடுக்கி, இறுக்கிக் கட்டி, நிழலில் ஆறு வாரம் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் முனையிலிருந்து நீளத்துக்கு வெடிக்கும்.

அறுத்த மரங்களுக்குச் சுருள் இல்லாத, நெருக்கமான நார் கொண்ட எந்த மென்மரமும் ஆகும். பெட்டிப் பலகையிலிருந்து கீறி எடுக்கலாம். தலைக்கட்டை 6×6×60 மி.மீ., நான்கு முட்டுச்சட்டங்களுக்கும் (நான்கு கால்கள் சேர்ந்தது ஒரு முட்டு) இரண்டு கரைகளுக்குமாக ஆறு. கால்களின் கீழே படுக்கும் அடிக்கட்டை 6×6×90, நான்கு. தண்டவாளத்தின் கீழே நீளவாட்டில் ஓடும் உத்தரம் 3×7, மொத்தம் 1600 மி.மீ. நீளம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையான சிலிப்பர் 4×4×40, ஐம்பது வேண்டும், ஐம்பத்தைந்து அறுங்கள். சிலிப்பர் முனைகளின்மேல் நீளவாட்டில் ஓடும் ஓரக்கட்டை 3×3, 400 நீளத்தில் இரண்டு. சாய்சட்டம் 1.5×4, 130 மி.மீ. துண்டுகளாகப் பதினாறு, ஐஸ்குச்சியை நெடுக்கில் பிளந்து தேய்த்து இவற்றை எடுக்கலாம், ஆனால் அதன் நீளம் போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள், பல குச்சிகள் 115 மி.மீ.க்கு உட்பட்டவை.

அறுத்தவற்றை ரயில் மேசை இருக்கும் அதே அறையில் இரண்டு வாரம் வையுங்கள். நுவரெலியா மூட்டத்தில் இருந்த மரத்தைக் கொழும்பு வீட்டுக்குக் கொண்டுபோய் உடனே ஒட்டினால், அது சுருங்கும்போது மூட்டுகள் வாய்பிளக்கும்.

சாயம், ஒட்டுவதற்கு முன்

வெள்ளை மரப்பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மஞ்சள் திட்டாக நிற்கும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே சாயமேற்றுங்கள். பூச்சு இல்லாத மென்மையான ஸ்டீல் வூல் 5 கிராம், வினாகிரி 250 மி.லீ., ஒரு போத்தலில் மூன்று நாள். மூடியை இறுக்கக்கூடாது, வாயு வெளியேறவேண்டும். சட்டி தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பிச்சுருள் இதற்கு உதவாது, அது கரையாது. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத்தூளை 200 மி.லீ. நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். மரத்துக்கு முதலில் இந்தச் சாயத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசினால் தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சில நிமிடங்களில் மரம் நிறம் மாறும். இந்த இரும்புக் கரைசலை அப்படியே பூசினால் நீலம் பாய்ந்த கறுப்பு வரும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்தால் பல மழை கண்ட மரத்தின் சாம்பல். எப்போதும் கழிவுத் துண்டில் முதலில் பாருங்கள், மரத்துக்கு மரம் துவர்ப்பு வேறுபடும்.

முட்டுச்சட்டம்

தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடவேண்டும். தண்டவாளம் 2.1, சிலிப்பர் 4, உத்தரம் 7, தலைக்கட்டை 6: கூட்டினால் 19.1. கீழே அடிக்கட்டை 6. ஆக 120 மி.மீ. ஆழத்தில் கம்பத்தின் நிமிர்ந்த உயரம் ஏறக்குறைய 95.

உள்ளிரு கம்பங்களும் தண்டவாளங்களுக்கு நேர் கீழே, நடுக்கோட்டிலிருந்து 8.25 மி.மீ. தள்ளி, செங்குத்தாக நிற்கும். வெளிக்கம்பங்கள் மேலே 23 மி.மீ. தள்ளித் தொடங்கி, ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில் கீழே 39 மி.மீ.க்கு விரியும். இந்தப் படத்தை முழு அளவில் தாளில் வரைந்து, ஒட்டுப்பலகையில் ஒட்டி, மேலே பொலித்தீன் விரித்து, ஓரங்களில் சிறு கட்டைகளை ஆணியடித்து ஓர் அச்சு செய்துகொள்ளுங்கள்.

ஓடை சரிவாக இருப்பதால் நான்கு முட்டுகளும் ஒரே உயரமாக இருக்காது. ஆனால் அச்சு ஒன்றே போதும். எல்லாவற்றையும் தலைக்கட்டையிலிருந்து தொடங்கி ஒரே சாய்வில் வைத்து, தேவையான உயரத்தில் கீழ்ப்பக்கம் அறுத்து, அங்கே அடிக்கட்டையை ஒட்டுங்கள். மேலிருந்து அறுத்தால் வெளிக்கம்பங்கள் தலைக்கட்டைக்கு வெளியே போய்விடும்.

உருண்டையான கம்பத்தில் தட்டையான சட்டம் ஒரு கோட்டில் மட்டுமே தொடும், பசை பிடிக்காது. சட்டம் படுகிற இடத்தில் அரத்தால் அரை மி.மீ. தட்டையாக்குங்கள். சாய்சட்டம் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் எதிர்த்திசையில் ஒன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் குறுக்கிட்டால் நடுவில் புடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் 0.6 மி.மீ. துளையிட்டு, 5 மி.மீ.க்கு வெட்டிய குண்டூசியைப் பசை தொட்டு அழுத்துங்கள். நிஜப் போல்ட்டின் வட்டத்தட்டு 1:48இல் கிட்டத்தட்ட ஊசித்தலை அளவுதான். ஊசியை முன்கூட்டியே நெருப்பில் காட்டினால் மினுக்கம் போகும். இந்த ஊசிகள் அழகுக்கு மட்டும் அல்ல, மூட்டின் பலத்தில் பாதி அவைதான்.

மார்கழி, தை மாதங்களில் மலையக இரவில் மரப்பசையால் ஒட்டாதீர்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே பசை சுண்ணாம்புபோல் வெளுத்துக் காயும், விரலால் அழுத்தினாலே மூட்டு விடும். பகலில் ஒட்டி, அடுப்படி வெப்பத்தில் இரவு முழுதும் வையுங்கள்.

உத்தரமும் வளைவும்

ஒவ்வொரு தண்டவாளத்தின் கீழும் இரண்டு உத்தரங்கள், இடையில் 0.8 மி.மீ. இடைவெளி. முட்டுகள் 80 மி.மீ.க்கு ஒன்றாக நிற்கும். முதல் வரிசையை 160, 160, 80 என்றும், அடுத்ததை 80, 160, 160 என்றும் வெட்டினால் இணைப்புகள் ஒன்றுக்கொன்று மாறி விழும், எல்லாம் தலைக்கட்டையின் மேலேயே இருக்கும். இரண்டு முட்டுகளுக்கு நடுவே அந்தரத்தில் இணைப்பு வந்தால் பாரம் அங்கே தொங்குகிறது. எந்தத் தச்சரும் அதைக் கண்டவுடன் சொல்லிவிடுவார்.

வளைவில் பாலம் என்றால் உத்தரத்தை வளைக்காதீர்கள். முட்டுகளை ஆரத்தின் திசையில் திருப்பி, உத்தரங்களை நேர்த்துண்டுகளாகவே வையுங்கள். ஆரம் 450 மி.மீ., இடைவெளி 80 என்றால் வளைவு நேர்கோட்டிலிருந்து விலகுவது 1.8 மி.மீ. மட்டுமே. அதை முட்டில் 0.9 ஒரு பக்கமும் நடுவில் 0.9 மறுபக்கமும் பகிர்ந்தால் 6.8 அகல இரட்டை உத்தரத்தின்மேல் தண்டவாளம் எங்கும் விழாமல் நிற்கும்.

சிலிப்பர்களை 8 மி.மீ. நடுவிலிருந்து நடுவுக்கு ஒட்டுங்கள். ஒரு பக்க முனைகள் நூல் பிடித்தமாதிரி நேராகவும், மறுபக்கம் ஒரு மி.மீ. கூடக்குறையவும் இருக்கட்டும். காய்ந்ததும் 300 மி.மீ. நேர்ச்சட்டத்தில் சேன்ட் பேப்பரைச் சுற்றி முழு நீளத்தையும் தேய்த்து மட்டமாக்கி, தேய்ந்த முகத்தை மறுபடி சாயமேற்றுங்கள். இதைத் தவிர்த்த பாலங்களில் வண்டி ஆடிக்கொண்டே போகும், காரணம் தேடி முட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்க்கவேண்டி வரும்.

தண்டவாள இணைப்பு பாலத்திலோ கரை விளிம்பிலோ வரக்கூடாது. ஒரே துண்டு, இரு பக்கமும் 50 மி.மீ. தாண்டித் தரைக்குள் போகட்டும். கரைமண் இறங்கினால்கூட விளிம்பில் மேடு தட்டாது. கரையில் 5×5 கட்டைகளை மூன்று வரிசை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பின்னால் மண் சரியாமல் பலகை வைத்து, அதன்மேல் கரைத் தலைக்கட்டையை இருத்துங்கள்.

முட்டுகளுக்கிடையே ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் நீளவாட்டுச் சாய்சட்டம் போட்டு, ஒரு கிலோ சீனிப் பொதியை நடுவில் வைத்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் நேர்ச்சட்டத்தை வைத்து மட்டம் பாருங்கள். மாறாமல் இருந்தால் அடிக்கட்டைகளைச் சுற்றி ஈரம் ஏறின கறுப்பும் பாசிப்பச்சையும், ஊசித்தலைகளின் கீழே மெல்லிய துருக்கோடும் தீட்டலாம். பாசி கம்பத்தின் கால்பங்குக்கு மேலே ஏறவேண்டாம்.