இரவு முழுவதும் சூடேறாத தலையணை: தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, அக்னி நட்சத்திர நாட்களில் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு தலையணையைத் திருப்பிப் போடும் பழக்கம் தானாகவே வந்துவிடும். மூன்று கோடைகளாக நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். நான்கு தலையணைகள் வாங்கி, அவற்றுள் மூன்றைப் பரணில் ஏற்றிய பிறகுதான், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பிடிபட்டது. தலையணையின் உயரம், கழுத்துவலி ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. சூடு ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: கையை நம்பாதீர்கள்

கடையில் உள்ளங்கையை வைத்தவுடன் ஜில்லென்று இருக்கும் தலையணையைத்தான் நான் முதலில் வாங்கினேன். மேலே ஜெல் படலம் ஒட்டிய மெமரி ஃபோம் அது. ஜெல் நம் கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. ஆனால் இழுத்த சூட்டை அது வெளியே விட்டாக வேண்டுமல்லவா? அறையே 32 டிகிரியில் இருக்கும்போது அதற்கு வழியில்லாமல் போய், படுத்த சற்று நேரத்திலேயே ஜெல்லும் தலையும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடுகின்றன. இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் இதன் நிலை சற்று மேல்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளின் மெத்தையை மேம்படுத்தும் ஆய்வில் உருவான பொருள். உடற்சூடு பட்டதும் இளகி, தலையின் வடிவத்துக்கே குழிந்து, காதுவரை அணைத்துக்கொள்வது அதன் குணம். அந்த அணைப்பினால் தலையில் காற்றுப் படும் பரப்புக் குறைந்து, வியர்வை உலர வழியின்றிப் போகிறது. ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, தலையணை குளிர்ச்சியாக இருக்கிறதா என்பதன்று. சூட்டையும் ஈரத்தையும் அது வெளியே விடுமா என்பதே.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்க வேண்டும்

என் தேர்வு இலவம்பஞ்சு. துளைகள் இட்ட லேடெக்ஸுக்கு (ரப்பர் நுரைக்கு) இரண்டாம் இடம் தருவேன். மெல்லிய செயற்கை இழையான மைக்ரோஃபைபரை வெப்பமான ஊர்களில் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பருத்திப் பஞ்சு வியர்வையைக் குடித்துக் கட்டிதட்டிப் போகும்.

இலவம்பஞ்சு உடம்புக்குக் குளிர்ச்சி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் இழை உள்ளே வெற்றுக் குழாய் போன்றது, பெரும்பகுதி காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, தலையைச் சுற்றிக் குழிந்து ஒட்டிக்கொள்வதுமில்லை. பயன் இவ்வளவுதான், ஆனால் புழுக்கமான இரவுக்கு இதுவே போதும். அளவுக்கு மீறித் திணித்தால் இந்தப் பயன் கெடும். தலையணையின் நடுவில் கையால் அழுத்திவிட்டு எடுத்தால் மெதுவாக எழும்ப வேண்டும், பலகைபோல் இறுகியிருக்கக் கூடாது.

உண்மையான இலவம்பஞ்சுதானா என்பதையும் சோதித்துவிடுங்கள். இலவு காத்த கிளியாவது கடைசியில் பஞ்சைக் கண்டது. இலவம்பஞ்சு என்று கேட்டு வாங்கிய என் இரண்டாவது தலையணையைப் பிரித்துப் பார்த்தபோது ஃபோம் துண்டுகளும் கழிவுப் பஞ்சுமே கிடைத்தன. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டு, விரலால் ஒருமுறை அமிழ்த்திவிடுங்கள். இலவம்பஞ்சு உடனே மேலே வந்து, நனையாமல் மிதக்கும். சாதாரணப் பருத்தி நனைந்து கனத்துக் கீழே இறங்கும். இலவம்பஞ்சு விளையும் தேனி மாவட்டத்துப் போடி, வருசநாடு பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால், பஞ்சை மட்டும் அங்கிருந்து தருவித்து, கண்ணெதிரே அடைத்துத் தரும் மெத்தைக் கடையில் கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

மூன்றாம் படி: உள்ளுறை

நான் சறுக்கிய இடம் இது. மூன்றாவது தலையணையில் இருந்தது அசல் இலவம்பஞ்சுதான். தண்ணீரில் போட்டும் பார்த்துவிட்டேன். ஆனாலும் இரவில் பிடரி நனைந்து விழிப்பு வந்தது. பஞ்சின் மேல் பழிபோட்டு இரண்டு மாதங்கள் வீணாக்கிய பிறகு, ஒரு நாள் உறையைத் துவைக்கக் கழற்றியபோது, பஞ்சை அடைத்துத் தைத்திருந்த உள்பை வழவழப்பான பாலியெஸ்டர் துணி என்பதைக் கவனித்தேன். அதற்கு மேல், எண்ணெய்க் கறை படியாமலிருக்க நானே மாட்டிய நீர்புகா உறை வேறு. பஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருந்தால் என்ன, என் தலை படுத்திருந்தது பிளாஸ்டிக்கின் மேல்.

ஆகவே வெளியுறையைக் கழற்றச் சொல்லி, உள்பையின் துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மறுபுறம் வைத்த விரலில் மூச்சு மெலிதாகவேனும் பட வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்திக் காடாத்துணி இதற்கு ஏற்றது. நெசவு தளர்வாக இருந்தால் இலவம்பஞ்சு துளித்துளியாக வெளியே பறந்து மூக்கில் ஏறும். நெருக்கம் தேவை, ஆனால் பூச்சோ பிளாஸ்டிக் படலமோ கூடாது. நீர்புகா உறையைக் குழந்தைகளின் தலையணைக்கு விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: வெளியுறை

பளபளக்கும் சட்டின் நெசவை விட, சாதாரண நெசவில் வந்த மெல்லிய பருத்தி உறையே எனக்குப் பிடித்தது. கரூரில் நெய்தவை நன்றாக உழைக்கின்றன. இழை எண்ணிக்கை மிக அதிகம் என்று விளம்பரப்படுத்தும் உறைகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், நெருக்கம் கூடக்கூடக் காற்றோட்டம் குறையும். மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ், அதாவது ஒருவகை ரேயான்தான். கெடுதலில்லை, தனிச்சிறப்பும் இல்லை. புதிய உறையில் கஞ்சிப் பசை இருக்கும் என்பதால், ஒருமுறை துவைத்த பின்பு ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நிற்காமல் உடனே பரவ வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்து இலவம்பஞ்சுக்கு மாறிய சிலர், வெயிலில் காயப்போட்ட அன்றைக்கு மட்டும் தலையணை இரவில் கொதிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லாமல் விட்டது என் பிழை. உள்ளே அடைபட்ட காற்றுச் சூட்டை எளிதில் விடாது. மாலை நான்கு மணிக்கு மாடியிலிருந்து எடுத்துவந்த தலையணை, படுக்கும் நேரத்திலும் நடுப்பகுதியில் வெதுவெதுப்பாகவே இருக்கும். காலை ஏழு மணிக்குப் போட்டு பத்து மணிக்குள் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் மெத்தையின் மேல் கிடத்தாமல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியின் முதுகில் சாய்த்து நிறுத்தி வையுங்கள், இருபுறமும் காற்றுப் பட்டு ஆறிவிடும். துவைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது, பஞ்சு திரண்டு உருண்டையாகிவிடும். உறைகளை மட்டும் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.