வேனும் சின்னப் படகும்: குமரி எல்லை தாண்டிக் காயலுக்குப் போகிறவர்களுக்கு

களியக்காவிளையைத் தாண்டினால் காயல் நாடு தொடங்கிவிடும். பூவாறு, கடினங்குளம், பரவூர், அஷ்டமுடி என்று கொல்லம் வரைக்கும் இடைவெளி விட்டு விட்டுத் தண்ணீர்தான். வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்களுக்கு, கூடவே ஒரு சின்னப் படகும் இருந்தால் நாலு நாள் தூண்டில் போட்டுக்கொண்டே போகலாமே என்று தோன்றுவது நியாயம். இந்தப் பயணத்தைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: எடையும் உப்பும். படகு வாங்கும்போதே இந்த இரண்டையும் யோசித்துவிட்டால் மீதி எல்லாம் சமாளிக்கக்கூடியது.

எந்தப் படகு

பத்தடி ஃபைபர் படகு 60 முதல் 80 கிலோ வரும். வேன் கூரை கேரியர்களில் பெரும்பாலானவை 100 கிலோவுக்கு மேல் தாங்காது. அந்த 100 கிலோவில் கேரியரின் சொந்த எடையும் அடங்கும். தூக்கி ஏற்ற மூன்று பேர் வேண்டும். கூரையில் சோலார் பலகை இருந்தால் படகு அதை மூடிவிடும், ராத்திரி ஃபேன் ஓடாது. கேரளத்தின் உட்சாலைகளில் பலா, மா மரக்கிளைகளும் தொங்கும் கேபிள்களும் கூரைப் படகுக்கு முதல் எதிரி.

டிரெய்லரில் இழுப்பது அதைவிடச் சிக்கல். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். எதிரே பஸ் வந்தால் அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய சந்துகளில் டிரெய்லரோடு மாட்டிக்கொண்டால் ஊரே கூடிவிடும். உப்புத் தண்ணீரில் இறங்கிய சக்கர பேரிங் சீக்கிரமே துருப்பிடித்து இரையத் தொடங்கும்.

ஆகவே வேன்காரர்களுக்குக் காற்றடைக்கும் பி.வி.சி. படகுதான் சரி. 2.7 முதல் 3 மீட்டர் நீளம், 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி, குறைந்தது மூன்று தனித்தனி காற்றறைகள், இன்ஜின் மாட்ட மரத்தாலான பின்பலகை. இந்த அளவில் எடை 25 முதல் 40 கிலோ. அடித்தட்டு காற்றுத்தட்டா, அலுமினியப் பலகையா என்பதைப் பொறுத்தது. குளத்தில் குழந்தைகள் விளையாடும் மெல்லிய வினைல் படகும் கடையில் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். காயலில் அதை இறக்க வேண்டாம். கக்கா, அதாவது மட்டி ஓடு கீறினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது.

காற்று அடிப்பதில் பலரும் தவறுவது வெயிலால். பக்க டியூப்களுக்குப் பொதுவாக 0.25 பார் அழுத்தம், காற்றுத்தட்டுக்கு 0.7 பார் என்று வால்வு அருகே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் படகில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. காலையில் 0.25 வைத்துவிட்டு, படகைக் கரையில் வெயிலில் போட்டுக் காப்பி குடிக்கப் போனால், டியூபுக்குள் வெப்பம் 20 டிகிரி ஏறும்போதே அழுத்தம் 0.33 வரை போய்விடும். ஒட்டுத் தையல் பிரிவது இப்படித்தான். கரையில் 0.2 மட்டும் வைத்து, தண்ணீரில் இறக்கியபின் மீதியை அடியுங்கள். தண்ணீர் குளிர்ச்சியில் அழுத்தம் இறங்கும் என்பதால் எப்படியும் ஒருமுறை மேல்காற்று அடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பி.வி.சி.யில் நிற்காது, உடனடிப் பசையும் காய்ந்து உடைந்துவிடும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசை வேண்டும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் தாண்டும்படி வட்டமாக ஒட்டுத்துணி வெட்டி, இரண்டு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசி, கடைசியில் அழுத்தித் தேய்க்க வேண்டும். முழுக்காற்று அடைக்க 24 மணி நேரம் பொறுங்கள். மழை ஈரம் உள்ள நாளில் ஒட்டினால் பசைக்குள் ஈரம் புகுந்து உரிந்துவிடும். ஜன்னலை மூடிய வேனுக்குள்ளே ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும்.

இன்ஜினா, பேட்டரியா

2.5 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஏறக்குறைய 17, 18 கிலோ. முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல். இரண்டு பேர் உட்கார்ந்த பத்தடிப் படகுக்கு இது போதும். நாலு ஸ்ட்ரோக்கைப் படுக்கவைக்கும்போது கவனம்: எந்தப் பக்கம் கீழே இருக்கலாம் என்று உடலிலேயே குறி இருக்கும். மறுபக்கமாகப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் கயிறு இழுத்தால் வராது.

பெட்ரோல்தான் பெரிய பிரச்சினை. அடுப்பு எரிகிற, ஆள் தூங்குகிற அதே அறையில் பெட்ரோல் கேன் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து அடுப்பை எட்டும். கேனையும் இன்ஜினையும் வெளியிலிருந்து திறக்கும், அடியில் காற்றுத்துளை உள்ள பெட்டியில் வையுங்கள். அப்படி ஒரு பெட்டி உங்கள் வேனில் இல்லையென்றால் பெட்ரோல் இன்ஜினை மறந்துவிட்டு மின்மோட்டாருக்குப் போவதே புத்தி.

55 பவுண்டு உந்துவிசை மின்மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும், பாதி வேகத்தில் அதைவிட மிகக் குறைவு. சராசரி 30 ஆம்பியர் என்று வைத்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி மூன்று மணி நேரம் தரும். அதே அளவு ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் ஒன்றரை மணி நேரம். எடையிலும் லித்தியம் 12 கிலோ, ஈயம் 28 கிலோவுக்கு மேல். வேனின் ஸ்டார்ட்டிங் பேட்டரியைக் கழற்றிப் படகில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சாயங்காலம் வண்டி கிளம்பாதபோது அதன் அருமை தெரியும். 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றை பேட்டரி பக்கமே போடுங்கள். புரொப்பல்லரில் பை சுற்றி மோட்டார் நின்றால் கம்பி எரியாமல் காப்பது அதுதான்.

மோட்டார் பூட்டிய எந்தப் படகுக்கும் கேரள உள்நாட்டு நீர்நிலைகளில் பதிவு, காப்பீடு பற்றிய கேள்வி எழும். கிளம்புமுன் துறைமுக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் அனுமதி பற்றி அந்தந்த ஊர் மத்ஸ்யபவனில் (மீன்வளத்துறை அலுவலகம்) சொல்வார்கள்.

வண்டியில் ஏற்றுவது

படகு 35, இன்ஜின் 18, நங்கூரமும் கயிறும் 5, ஐஸ்பெட்டி நிரம்பினால் 25, துடுப்பு, பம்ப், தூண்டில், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் ஏறக்குறைய 100 கிலோ. இதைப் பின்கதவோரம் தள்ளிவிடுவதுதான் வழக்கம். 3.35 மீட்டர் வீல்பேஸ் உள்ள வேனில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் முன்சக்கரத்திலிருந்து 36 கிலோ குறையும், பின் அச்சு 136 கிலோ சுமக்கும். மழையில் ஸ்டியரிங் மிதப்பது போல இருக்கும், எதிர்வண்டிக்கு ஹெட்லைட் கண்ணைக் குத்தும். சுருட்டிய படகைக் கட்டிலுக்குக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவே வையுங்கள். பின்னால் இன்ஜின் மட்டும் போதும்.

கூரையில்தான் கட்டியாக வேண்டும் என்றால் 25 மில்லிமீட்டர் கொக்கிப்பட்டை இரண்டு, முன்னும் பின்னும் தனிக்கயிறு ஒவ்வொன்று. ராட்செட் வைத்து முறுக்கினால் ஃபைபர் விளிம்பு நசுங்கும். கைப்பலத்துக்குப் பட்டையை இழுத்து, அரைச் சுற்று முறுக்கிக் கட்டுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் உறுமும். வேனின் பக்கவாட்டைத் தாண்டிப் படகு வெளியே நிற்கக் கூடாது. படகோடு சேர்ந்த மொத்த உயரத்தை அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

இறக்குமிடம்

காயல் கரைகளில் படகு இறக்கும் சரிவு அபூர்வம். கடவுகள், அதாவது தோணித்துறைகள்தான் வழி. கடத்துத் தோணி வரும் படியை மறிக்காமல், தோணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக இறக்கினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. செங்கல் சரிவுகளில் பாசி பிடித்திருக்கும். வேனின் பின்சக்கரம் ஈரத்தைத் தொட விடாதீர்கள். கடல்நீர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இந்தக் கரையில் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது என்றாலும், அந்தச் சிறு ஏற்றத்திலேயே உப்புத் தண்ணீர் பிரேக் டிரம்முக்குள் போய்விடும். பின்பலகையில் மாட்டும் மடக்குச் சக்கரம் இரண்டு வாங்கிவிட்டால் 50 மீட்டர் தள்ளி வேனை நிறுத்திவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போகலாம். இந்தச் சாமானுக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

அஷ்டமுடியில் கக்கா வாருகிறவர்கள் மூழ்கி எழுவார்கள். வெறுமையாக ஒரு வள்ளம் நின்றால் பக்கத்தில் தண்ணீருக்குள் ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்குள் இன்ஜின் வேண்டாம், துடுப்புதான். குத்துக்கம்புகள் வரிசையாக நின்றால் அது ஊன்றுவலை; இறக்கத்தின் ஓட்டத்தில் வேலை செய்வது. கம்புகளுக்கு இடையே நுழைந்தால் ஓட்டம் படகை வலைமேல் சாத்தும், வலையும் போகும் புரொப்பல்லரும் போகும். படகு வீடுகளும் பயணப் படகுகளும் ஓடும் ஆழத்தடத்தில் நங்கூரம் போடாதீர்கள்; குறுக்கே நேராகத் தாண்டுங்கள்.

சேற்றுத் தரையில் நாலு கொக்கி மடக்கு நங்கூரம் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே வரும். தட்டு வைத்த 2.5 கிலோ நங்கூரம், 2 மீட்டர் சங்கிலி, ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு. ஆழம் இடுப்பளவுதான் என்றால் நங்கூரமே வேண்டாம், மூங்கில் கழியைக் குத்திக் கட்டிவிடுங்கள்.

பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய் பற்றி. பூவாறில் நெய்யாறு கடலைச் சேரும் மணல்திட்டு சில மாதம் மூடியும் சில மாதம் திறந்தும் இருக்கும். மலையில் மழை பெய்து பொழி முறிந்தால் காயல் தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியே இழுக்கும். 2.5 குதிரைத்திறன் அங்கே ஒன்றுமே இல்லை. பெருமாதுறைப் பக்கம் முதலப்பொழி, பல மீனவர்களின் உயிரைக் கொண்டுபோன முகத்துவாரம். தொழில் தெரிந்தவர்களே தடுமாறும் இடத்தில் காற்றுப்படகுக்கு வேலையில்லை. அலை உடையும் வெள்ளை கண்ணில் பட்டதும் திரும்பிவிடுங்கள். நெய்யாறு அணைப் பக்கமும் படகை இறக்காதீர்கள்: அது வனவிலங்கு சரணாலயம், முதலையும் உண்டு.

லைஃப் ஜாக்கெட்டை உட்கார மெத்தையாக்காமல் உடம்பில் போடுங்கள். நல்ல மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை, நேரம் விடியலிலிருந்து பதினொரு மணி வரை. அதன்பின் கடற்காற்று எழும்பும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மோசம். மதியம் 2 முதல் இரவு 10 வரை திறந்த வெளியில் நிற்காதீர்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பது சும்மா அல்ல; கையில் கார்பன் கம்போடு நடுக்காயலில் இருப்பவர்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள்.

மீன்

காளாஞ்சி, அதாவது கொடுவா, ஏற்றத்தோடு பாலத்தூண்களையும் பாறையோரத்தையும் ஒட்டி வரும். உயிர் இறாலுக்கு மயங்கும். அதன் செவிள்மூடி கத்தி போலத் தூண்டில் நரம்பை அறுக்கும் என்பதால், முள்ளுக்கு முன்னால் கட்டும் 40 பவுண்டு முன்நரம்பு அரை மீட்டராவது வேண்டும். கரிமீனுக்குச் சின்ன முள், மண்புழுத் துண்டு, நிழல். முட்டையைக் காத்துக்கொண்டு ஜோடியாக நிற்கும் கரிமீனை விட்டுவிடுங்கள், ஒன்றைப் பிடித்தால் அந்த முட்டை அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. தேங்காய்த் தொண்டு அழுகப்போடும் மூலைகளில் தண்ணீர் கறுத்து நாறும். அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். ஐஸ்பெட்டிக்குக் கட்டி ஐஸ், விழிஞ்ஞம் அல்லது நீண்டகரைத் துறைமுகப் பக்கம். மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட்டு, உருகிய தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டே இருங்கள்.

திரும்புமுன்

இன்ஜினை 50 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். தண்ணீரால் குளிரும் இன்ஜினில், ஓடும்போதே அந்தப் பீய்ச்சல் நின்றால் ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தாவிட்டால் பம்ப் இறகு கருகும். கார்ப்பரேட்டர் பெட்ரோலை வடித்துவிட்டு ஏற்றுங்கள்.

படகுக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். டியூபுக்கும் தரைக்கும் இடையிலுள்ள மடிப்பில்தான் மணல் தங்கும், வழியெல்லாம் அது துணியை அரைத்துக்கொண்டே வரும். நிழலில் காய்ந்தபின் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டிய படகு மறுநாள் வேன் மெத்தை வரைக்கும் பூஞ்சை வாசம் ஏற்றிவிடும்.

அஷ்டமுடியில் ஓட்டிய படகுக்கு இன்னொரு வேலை உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே குடியேறிய அந்நியக் கல்லுமக்காய் இனம் உள்ளூர்க் கக்காப் படுகைகளை மூடிவிட்டது. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. நங்கூரக் கயிற்றிலும் ஐஸ்பெட்டித் தண்ணீரிலும் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்து தேங்காய்ப்பட்டணம், மணக்குடி என்று நம்மூர் முகத்துவாரங்களில் படகை இறக்குவதாக இருந்தால், கயிறு, சங்கிலி, சக்கரம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் கடும் வெயிலில் போட்டுக் காயவைத்த பிறகே இறக்குங்கள்.