சிறு பதிப்பகங்களைப் பற்றிக் காதில் விழுவதை எழுதுவது எப்படி

சிறு பதிப்பகங்கள், சிற்றிதழ்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று மாதம் ஒரு முறை நாலு பேருக்கு எழுதி அனுப்ப ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள், பெரிய பத்திரிகைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

காதில் விழுகிற ஒவ்வொன்றையும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எழுதுகிறவரின் பணத்தையோ பிரதியையோ தொடுகிறதா? இன்னாருக்கும் இன்னாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது தொடாது, விட்டுவிடலாம். ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பங்கு, எட்டு மாதமாக வரவில்லையாம் என்பது தொடும், அதன் பின்னால் போங்கள். அமெரிக்காவில் 1969 முதல் இயங்கிவந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற விநியோக நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் திடீரென்று மூடியபோது, ஏறக்குறைய 400 சிறு பதிப்பகங்கள் தங்கள் புத்தகங்களை எப்படித் திரும்ப எடுப்பது, விற்ற பணம் கைக்கு வருமா என்று தெரியாமல் தவித்தன. அந்த மாதிரி நேரத்தில் முன்கூட்டியே ஒரு வரி தெரிந்திருந்தால் எவ்வளவு பேருக்கு உதவும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த ஒரு வரி தப்பாக இருந்தால் நன்றாக நடக்கிற பதிப்பகத்தையும் சாய்த்துவிடும். அறிவித்த புத்தகம் தள்ளிப்போகிறது, விற்பனைக் கணக்கு வரவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, இவையெல்லாம் அறிகுறிகள்தான், ஆனால் பல இடங்களில் பதிப்பகம் என்பதே ஒரே ஆள், அவருக்கு உடம்பு சரியில்லாமல்கூட இருக்கலாம். அதனால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேராவது தங்களுக்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் சொன்னவர் ஒரே ஆள் என்றால் அது ஒரு சாட்சிதான். ஒப்பந்தம், மின்னஞ்சல் எதையாவது கண்ணால் பாருங்கள். அப்புறம் பதிப்பாளரிடமே கேளுங்கள். "மூடப்போகிறீர்களாமே?" என்று கேட்டால் கோபம்தான் வரும், "போன வருடக் கணக்கை எழுத்தாளர்களுக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டால் பதில் வரும். இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அவர் சொன்னதை வெட்டாமல் போடுங்கள்.

போட்டி, பரிசு பற்றிய பேச்சில் இன்னும் கவனம் வேண்டும். 2004-இல் ஃபோயட்ரி என்ற தளம் அமெரிக்கக் கவிதைப் போட்டிகளில் நடுவர்கள் தங்கள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்குமே பரிசு கொடுக்கிறார்கள் என்று பெயர்களோடு கிளப்பியது, பெரிய சண்டையே நடந்தது, நடுவரிடம் படித்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று பல போட்டிகள் விதி எழுதியதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். நீங்களும் நடுவர் யார், வென்றவர் யார், எந்த வருடம் எங்கே படித்தார் என்று யாரும் சரிபார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். ஊழல் என்ற சொல்லை நீங்கள் எழுத வேண்டாம், வாசிக்கிறவருக்கே தெரியும்.

நல்ல செய்தியையும் தேடிப் போடுங்கள்: புதிதாகப் பிறந்த இதழ், முதல் தொகுப்பு, படைப்பு அனுப்பக் கடைசித் தேதி. உங்கள் வாசகர்கள் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

தப்பு நேர்ந்துவிட்டதா, சரி, அடுத்த மடலின் முதல் வரியிலேயே திருத்தத்தைப் போடுங்கள், சம்பந்தப்பட்ட பதிப்பாளருக்கு அதற்கு முன்பே தனியாக ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.