நர்சிங் சேரப் போகிறீர்களா? கோர்ஸிலிருந்து பதிவு எண் வரை

பட்டம் வாங்கிவிட்டாலே நர்ஸ் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கிய பிறகுதான் நீங்கள் நர்ஸ். தமிழ்நாட்டில் அதற்கான வழி இது.

1. கோர்ஸ்

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவப் பராமரிப்பு) டிப்ளமோ 3 ஆண்டு. முடிந்தால் பி.எஸ்சி.யே எடுங்கள். ஜி.என்.எம். முடித்தவர்கள் பட்டம் வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் என்று இன்னும் 2 ஆண்டு படிக்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் போடுவார்கள் என்றும் கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

2. வார்டு

உண்மையான படிப்பு இங்கேதான். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். உங்கள் டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டே, டியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருக வேண்டும். சரியாக வைத்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். நோயாளி கையை மடக்கியிருப்பார், சொட்டு நின்றிருக்கும். திரும்பப் போய் எண்ணுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். மூச்சு வேகமாவதையும் சிறுநீர் குறைவதையும் முதலில் கவனிக்க வேண்டியது நீங்கள்தான்.

3. பதிவு

சென்னையிலுள்ள மாநில கவுன்சிலில் பதிவு செய்தால் ஆர்.என்.ஆர்.எம். தகுதி கிடைக்கும்: நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டுக்கும். மார்க் ஷீட்டில் என் பெயர் இனிஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இதைச் சரிசெய்யவே எனக்கு நாலு மாதம் அலைச்சல். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்தே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. வேலை

மாநில அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, எய்ம்ஸுக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு. ஆசிரியராக விரும்பினால் எம்.எஸ்சி. படியுங்கள். எதுவானாலும் முதல் இரண்டு வருஷம் பெரிய வார்டில் இருந்துவிடுங்கள். சம்பளம் குறைவுதான், கை பழகும்.

அமெரிக்கா போக என்கிளெக்ஸ் தேர்வு: கம்ப்யூட்டரில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. பிரிட்டனுக்குக் கம்ப்யூட்டர் தேர்வோடு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வும் உண்டு. பிரிட்டன் வேலைக்கு ஏஜென்ட் கமிஷன் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளெடுப்புக் கட்டணத்தை நர்ஸிடம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி.