சிறிய நூலகத்தில் எதைக் கழிப்பது, எதைக் காப்பது

நூலகத்தின் இருப்பை வளர்க்க விரும்புவோர், புதிய நூல்களின் விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன், இருக்கும் அலமாரிகளை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளுள் ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிரி என்கிறது. புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிப்பதும் உயிரின் இயல்பு என்பதால், கழித்தலைத் தயங்கி ஒத்திப்போடும் வேலையாகக் கருதக் கூடாது.

நூலகத்தில் சேர்ந்த ஒவ்வொரு நூலும் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும் வரவுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் அலமாரி என்று ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடுவதற்காக நூலுக்குள் ஒட்டப்பட்ட தவணைத் தாளில் கடைசி முத்திரை எந்த ஆண்டில் விழுந்திருக்கிறது என்பது நல்ல குறிப்புதான். ஆயினும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவை இரவலாக வெளியே செல்வதில்லை. எனவே வாசகர் படித்துவிட்டு மேசையில் வைத்துச் செல்லும் நூல்களை அலமாரியில் சேர்க்கும்போது, பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வந்தால், அவற்றின் பயனும் தெரியவரும்.

காலாவதியான தகவல் வாசகருக்குத் தீங்கு செய்யும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கும்போது, பழைய பிரிவு எண்களைக் கொண்ட வழிகாட்டி நூலை ஒரு தேர்வர் நம்பிப் படிக்க விடுவது சரியன்று. தமிழகத்தில் 38 மாவட்டங்கள் இருக்கையில் 32 என்று கூறும் பொது அறிவு நூலும் அத்தகையதே. இவற்றை முதலில் நீக்கலாம்.

பழைய தமிழ் நூல்களில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சு என்பதாலோ, தாள் பழுப்பேறியது என்பதாலோ, இராமபாணப் பூச்சி துளைத்தது என்பதாலோ எந்த நூலையும் கழிவுக் கட்டில் சேர்த்துவிடாதீர்கள். உள்ளூர் அச்சகம் ஒன்று வெளியிட்ட தலபுராணமோ, ஊர்ச் சங்கம் ஒன்றின் சிறப்பு மலரோ வேறெங்கும் இல்லாத படியாக இருக்கக்கூடும். எடைக்குப் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரத்தையும் குறித்துக்கொண்டு, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் அது உள்ளதா எனத் தேடுங்கள். இல்லையெனில், பூச்சி அரித்த படியைப் பிற நூல்களிலிருந்து பிரித்து ஈரமற்ற இடத்தில் வையுங்கள். கிழிந்த பக்கங்களில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். நாளடைவில் அதன் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும்.

நீக்குவதென முடிவான நூல்களைப் பட்டியலிட்டு, உரிய அலுவலரின் ஒப்புதலைப் பெற்ற பின், ஒப்புதல் எண்ணையும் தேதியையும் வரவுப் பதிவேட்டில் அந்தந்த வரிக்கு எதிரே எழுதுங்கள். பழைய பதிவை அடித்துவிடக் கூடாது.

அதன்பின் வாங்கலாம். வாசகர் கோரிக்கைப் பதிவேட்டில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட தலைப்புகளும், கழித்தபோது காலியான துறைகளுமே பட்டியலின் முதல் வரிகளாக அமையட்டும். அன்பளிப்பு நூல்களைப் பெறும்போது, தேவையற்றவற்றை வேறு நூலகத்திற்கு வழங்க உரிமையுண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.